ஏழாம் புள்ளி

பழைய ஜெயில் ரோட்டு ஆஸ்பத்திரியில்
"அமலோற்பவம் யாரு?" என்று கூப்பிட்டார்கள்.
மாசில்லாமல் பிறந்தவள் என்று பொருள்.
போன மாசத் தடிப்பெல்லாம் அமுங்கிப்போன கையை
மேசைமேல் நீட்டினேன்.
பால்பாயின்ட் பேனாவால் எண்கள் எழுதி
எண்ணுக்கொரு சொட்டு, சொட்டுக்கொரு குத்து.
"இருபது நிமிஷம், சொறியக் கூடாது."

பத்தொன்பது வருஷம்
காசிமேட்டில் இறால் உரித்தவள் நான்.
தலையைத் திருகி, ஓட்டைக் கழற்றி,
முதுகுக் கறுப்பை நகத்தால் இழுத்து,
கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி.
ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை இந்த உடம்பு.
சொல்லாததைச் சம்மதம் என்று நினைத்திருந்தேன்.

"முதல் தடவை சண்டை வராதும்மா,
பேரை மட்டும் எழுதி வச்சிக்கும்"
என்றாள் டாக்டர்.
தோலுக்கடியில், குடலோரம், மூச்சுக்குழலோரம்
மாஸ்ட் செல் என்று சில,
வாய்வரை குருணை அடைத்த மூட்டைகள்.
மேலெல்லாம் முள்முள்ளாக ஐஜிஇ.
ஒவ்வொரு முள்ளும் ஒரே ஒரு முகத்தை
மனப்பாடம் செய்தது.
அந்த முகம் திரும்ப வந்து
பக்கத்துப் பக்கத்து முள் இரண்டைச் சேர்த்துத் தொட்டால்
மூட்டை அவிழும்.

எனக்கு அவிழ்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை,
தொக்குச் சோற்றில் பாதி மிச்சம் இருக்கும்போது.
முதலில் உள்ளங்கை அரித்தது.
"பணம் வரும்டி" என்றாள் சுந்தரவல்லி.
பிறகு காது மடல்.
பிறகு உதடு.
பிறகு தொண்டைக்குள் யாரோ
பிழியாத ஈரத்துணியைத் திணித்தார்கள்.
ஆட்டோவுக்கு முன்னால் கன்டெய்னர் லாரிகள்,
துறைமுகம்வரை வரிசை.
ரத்தக்குழாயெல்லாம் சல்லடையாகிக் கசிய,
கடலுக்கு இத்தனை பக்கத்தில்
ஒரு சொட்டுக் கடல் படாமல்
எனக்குள்ளேயே மூழ்கிக்கொண்டிருந்தேன்.

தொடையில் ஒரே ஊசி.
லாரி ஒதுங்கிய மாதிரி
மூச்சு.

"இறால் என்னம்மா தப்பு பண்ணுச்சு?"
ஒன்றுமில்லையாம்.
கரப்பானுக்கும், மெத்தைத் தூசியில் வாழும் உண்ணிக்கும்,
இறாலுக்கும் தசையில் ஒரே ஜாடை.
அடுப்படிக் கரப்பானிடம் கற்ற பகையை
இதன்மேல் காட்டியிருக்கலாம்.
இல்லை, இத்தனை வருஷம் மூச்சில் ஏறிய ஆவியாக இருக்கலாம்.
எதுவென்று அடித்துச் சொல்ல முடியாது என்றாள்.
புழுக்களோடு சண்டை போட உண்டான படை என்றும் சொல்கிறார்களாம்.
கார்ப்பரேஷன் பள்ளியில் மாத்திரை கொடுத்துப்
புழுவை ஒழித்துவிட்டோம்.
படை அப்படியே நிற்கிறது, கையில் கம்போடு.

ஜாடை பார்த்து அடிப்பது
எனக்குத் தெரியாததா.
புயலடித்த வருஷம் என் கூலிக் கவர் காணவில்லை.
ஐஸ் ஃபேக்டரி ஒடிசாப் பையனைக் கைகாட்டினேன்.
முன்னே எப்போதோ பஸ்ஸில் என் பர்ஸை அறுத்தவனுக்கு
அதே மாதிரிப் புருவம்.
கவர் என் பாலித்தீன் ஏப்ரனின் உள்பக்கம்
ஈரத்தில் ஒட்டிக் கிடந்தது.
அதற்குள் ரயிலேறிவிட்டான்.
நிரஞ்சன் என்று பேர்.
அதற்கும் மாசில்லாதவன் என்றுதான் அர்த்தமாம்,
பிற்பாடு யாரோ சொன்னார்கள்.

இருபது நிமிஷம்.
உப்புத்தண்ணீர்ப் புள்ளி சும்மா கிடந்தது.
ஹிஸ்டமின் வைத்த புள்ளி தடித்திருந்தது.
"இது விஷமில்ல, உங்க மூட்டையில இருக்கிற அதே சரக்கு,
அளவு பாக்க வச்சோம்."
நாலு, கரப்பான், மிளகளவு.
ஏழு, சுண்டைக்காய்.
ஸ்கேல் வைத்து அளந்து எழுதினாள்.

இப்போது கேட்டில் உட்கார்ந்து பெட்டி எண்ணுகிறேன்.
வேகவைக்கும் கொட்டகைப் பக்கமிருந்து காற்று திரும்பினால்
நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் போவேன்.
சுந்தரவல்லி சிரிப்பாள்.
உடம்பைத் திட்டுவதில்லை.
காப்பாற்றத்தான் கை ஓங்கியதாம்.
நானும் அன்றைக்கு அதையேதான் சொன்னேன்.

சில ராத்திரி உள்ளங்கை அரிக்கும்.
பணமா, அதுவா என்று
விளக்கைப் போட்டுப் பார்ப்பேன்.
கொசு.